நாள் குறித்த வாக்கு



சென்ற தவணையில் உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். அகதிகளை ஏற்கும் பொறுப்பை ஐரோப்பிய நாடுகள் எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது தலைப்பு. தாள்களைத் திருத்தியபோது இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்று, ஏறத்தாழ எல்லாருமே ஐரோப்பா இன்னும் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மற்றொன்று, சிங்கப்பூரைக் குறிப்பிட்டவர்கள் அனைவரும் ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்: நம் நாடு சிறியது, ஆகவே இது நம்மைச் சார்ந்த விஷயம் அன்று.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம் வாழும் மார்சிலிங்கிற்கு அருகே, செம்பவாங்கில், ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஓர் அகதி முகாம் இருந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெற்றோர்களில் பலருக்கும் தெரியாது. நம் வீட்டு வாசலில் நடந்த வரலாற்றை விட்டுவிட்டு, கிரேக்கத் தீவுகளைப் பற்றி மட்டும் பேசினால் பிள்ளைகளுக்கு இரக்கம் வரும், புரிதல் வராது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். பொறுப்பைப் பகிர்வது என்பது இரக்கத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. யார் ஏற்பார், எத்தனை பேரை ஏற்பார், எந்த நாளுக்குள் ஏற்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதித் தருவதைப் பொறுத்தது. அந்த விடை கையில் இருந்தபோது சிறிய நாடும் கதவைத் திறந்தது. இல்லாதபோது பெரிய நாடுகளும் கதவைச் சாத்தின.

ஆளுக்கொரு குடம் பால் என்ற கதையை நாம் அனைவரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஊர்க்குளத்தைப் பாலால் நிரப்ப எண்ணிய அரசன், வீட்டுக்கு ஒரு குடம் பால் கொண்டுவந்து இரவில் ஊற்றும்படி பறை அறிவித்தான். எல்லாரும் பால்தானே ஊற்றப்போகிறார்கள், நான் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். விடிந்து பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். 'நேர்மை வேண்டும்' என்ற நீதியோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அரசன் செய்த பிழையும் ஒன்று உண்டு. இருட்டில் ஊற்றச் சொன்னான். யார் எதை ஊற்றுகிறார் என்று பார்க்க ஒருவரையும் நிறுத்தவில்லை.

ஐரோப்பாவில் 2015ஆம் ஆண்டு நடந்தது ஏறக்குறைய இதுதான். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து வந்தார்கள். அங்கே வழக்கில் இருந்த டப்ளின் விதியின்படி, அகதி முதலில் கால் வைத்த நாடே பெரும்பாலும் அவருடைய விண்ணப்பத்துக்குப் பொறுப்பு. ஆகவே கடலோரத்தில் இருக்கும் கிரேக்கமும் இத்தாலியும் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. உள்நாட்டில் இருக்கும் செல்வ நாடுகளுக்கு, தூரமே பாதுகாப்பாக அமைந்தது. ஜெர்மனி விதியைப் பாராமல் கதவைத் திறந்தது; அந்த ஓராண்டில் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் அந்நாட்டுக்குள் வந்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு முடிவு எடுத்தது. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் இருந்து 1,60,000 பேரை இரண்டு ஆண்டுகளுக்குள் மற்ற நாடுகள் பங்கிட்டு ஏற்க வேண்டும். எண்ணிக்கை இருந்தது, நாளும் இருந்தது. ஆனால் 'யார்' என்ற கேள்விக்கான விடையைச் சிலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. செக் நாடு ஒரு டஜன் பேரோடு நின்றுவிட்டது. முடிவில் இடம் மாறியவர்கள் 35 ஆயிரத்துக்கும் குறைவு. இந்த மூன்று நாடுகளும் கடமை தவறின என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2020 ஏப்ரலில். அதற்குள் அந்தத் திட்டமே காலாவதியாகிவிட்டிருந்தது.

பிறகு நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2024 மே மாதத்தில் புதிய குடியேற்ற ஒப்பந்தம் ஒன்றை ஒன்றியம் நிறைவேற்றியது; 2026 ஜூனில் அது நடைமுறைக்கு வர வேண்டும் என நாள் குறித்தது. ஆட்களை ஏற்கலாம், ஏற்க மனமில்லாவிட்டால் ஆளுக்கு 20,000 யூரோ என்ற கணக்கில் பணம் தரலாம், அல்லது அதிகாரிகளையும் கருவிகளையும் அனுப்பி உதவலாம். பாலுக்குப் பதில் பணம் கொடுத்தாலும் சரி, குடத்தோடு வந்து நின்றாக வேண்டும் என்பதே இதன் சாரம். இது நியாயமா என்று மாணவர்கள் நிச்சயம் விவாதிக்கலாம். மனிதரை ஏற்பதற்குப் பணத்தை ஈடாக வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் இருட்டில் ஊற்றுவதைவிட இது மேல் என்றே சொல்வேன்.

இனி நம் கரைக்கு வருவோம்.

சைகோன் 1975 ஏப்ரல் 30 அன்று வீழ்ந்தது. அடுத்த சில நாட்களிலேயே வியட்நாமியர்களை ஏற்றிய கப்பல்களும் படகுகளும் சிங்கப்பூர்க் கடற்பகுதிக்கு வந்து சேர்ந்தன. விடுதலை பெற்றுப் பத்து ஆண்டுகள்கூட நிறையாத நாடு அப்போது நம்முடையது. 'ஆப்பரேஷன் தண்டர்ஸ்டார்ம்' என்ற பெயரில் நம் ஆயுதப் படையினர் கப்பல்களைப் பழுது பார்த்து, உணவும் நீரும் எரிபொருளும் மருத்துவ உதவியும் கொடுத்து, மேலே செல்லும்படி அனுப்பிவைத்தார்கள். உதவி உண்டு, கரையேற அனுமதி பெரும்பாலும் இல்லை.

1978இல் படகுகள் மேலும் பெருகின. அப்போதுதான் செம்பவாங்கில், ஹாக்கின்ஸ் சாலை 25ஆம் எண்ணில், முன்பு பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய குடியிருப்பில் அகதி முகாம் அமைந்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அதை நிர்வகித்தது. 1996 ஜூனில் மூடப்படும்வரை 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் சிங்கப்பூர் வழியாகக் கடந்து சென்றார்கள். மலேசியாவின் பீடோங் தீவில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 40 ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த காலம் அது. அதனோடு ஒப்பிட்டால் ஹாக்கின்ஸ் சாலை முகாம் மனிதத்தன்மை மிக்கது என்றே அன்று பலரும் கருதினார்கள். தொடக்க ஆண்டுகளில் முகாமில் இருந்தவர்கள் பகலில் வெளியே சென்றுவர முடிந்தது.

இந்த முகாம் எந்த விதியின்மேல் நின்றது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடலில் வணிகக் கப்பல் ஒன்று அகதிகளைக் காப்பாற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால், அவர்களை 90 நாட்களுக்குள் ஏற்றுக்கொள்வதாக வேறொரு நாடு உறுதிமொழி தர வேண்டும். பெரும்பாலும் அந்தக் கப்பல் எந்த நாட்டின் கொடியைத் தாங்கியதோ, அந்த நாடே உறுதி தரும். நார்வேக் கொடி பறந்தால் நார்வே. ஜெர்மன் கொடி பறந்தால் ஜெர்மனி. ஒரு வேளையில் முகாமில் 1,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. யார், எத்தனை பேர், எந்த நாளுக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஒரு தாளில் இருந்தது.

உறுதி தர முடியாத நாட்டின் கொடியைத் தாங்கிய கப்பல் வந்தால் என்ன செய்வது? 1979இல் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அமெரிக்கா உள்ளிட்ட எட்டு மேலை நாடுகள் கூட்டாக நின்று, அத்தகைய கப்பல்கள் காப்பாற்றுபவர்களைத் தாங்கள் பகிர்ந்து ஏற்பதாக ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு ஜெர்மானியத் தன்னார்வலர்கள் 'கப் அனாமுர்' என்ற கப்பலைத் தென்சீனக் கடலுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அது 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலிலிருந்து மீட்டது. அவர்களுள் பலர் சிங்கப்பூர் வழியாகவே ஜெர்மனிக்குச் சென்றார்கள். ஐரோப்பா தன் பங்கை நம் துறைமுகத்தில் வந்து ஏற்றுக்கொண்ட காலம் அது.

இந்த உறுதிமொழிகள் தாமாகக் கனியவில்லை. 1979 ஜூன் இறுதியில் ஆசியானின் ஐந்து உறுப்பு நாடுகளும் ஒன்றுகூடி, தாங்கும் எல்லையை அடைந்துவிட்டோம், இனிப் புதிதாக வருவோரை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தன. அப்போது 3,50,000 பேர் இந்த வட்டாரத்து முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். அந்த அறிவிப்பு கொடியது என்பதில் ஐயமில்லை. படகுகள் மீண்டும் கடலுக்குத் தள்ளப்பட்டன. அதில் உயிர்கள் போயின. ஆனால் அதன் பிறகே உலகம் அசைந்தது. ஜூலை 20, 21 தேதிகளில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. மீள்குடியேற்ற இடங்கள் 1,25,000இலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. இந்தோனேசியா கலாங் தீவிலும் பிலிப்பீன்ஸ் பட்டானிலும் இடைத்தங்கல் முகாம்களுக்கு இடம் தந்தன. வியட்நாமும் படகுகள் புறப்படுவதைக் கட்டுப்படுத்தவும், விண்ணப்பித்து முறையாக வெளியேறுவோருக்கு வழிவிடவும் ஒப்புக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் மூன்று தரப்பினர் இருப்பதைக் கவனியுங்கள். அருகில் இருக்கும் நாடு கதவைத் திறக்கிறது. தொலைவில் இருக்கும் நாடு, இத்தனை பேரை இந்நாளுக்குள் அழைத்துக்கொள்கிறேன் என்கிறது. மக்கள் எந்த நாட்டைவிட்டு ஓடுகிறார்களோ, அந்த நாடும் பேச்சுக்கு உட்காருகிறது. மூவரில் ஒருவர் விலகினாலும் மற்ற இருவரும் சோர்ந்துவிடுவார்கள். ஊர் கூடித் தேரிழுக்க வேண்டும் என்கிறோம். வடத்தைப் பிடிப்பவர் மட்டும் போதாது; சக்கரத்துக்குக் கட்டை போடுபவரும் வேண்டும், வீதியைச் செப்பனிடுபவரும் வேண்டும்.

ஹாக்கின்ஸ் சாலையைப் பொன்னாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அதன் குறைகளையும் மாணவர்கள் அறிய வேண்டும். உறுதிமொழி இல்லாமல், தாமாகப் படகில் வந்தவர்களுக்கு நம் கரையில் இடமில்லை. நீரும் உணவும் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். இதனால் கடல் நடுவே படகைக் கண்ட சில கப்பல் தலைவர்கள், ஏற்றினால் இறக்க இடம் கிடைக்காதே என்று அஞ்சிக் காணாததுபோல் போய்விட்டார்கள். அத்தனையும் தெரிந்தே எடுத்த முடிவு அது. இதயத்தில் காய்ப்பு ஏறாவிட்டால் தாங்க முடியாது என்ற கருத்துப்பட அன்றைய பிரதமர் லீ குவான் இயூவே பேசியிருக்கிறார். 1989இல் வகுக்கப்பட்ட விரிவான செயல்திட்டத்தின்படி, அந்த ஆண்டு மார்ச் 14க்குப் பின் வந்தவர்கள் அகதிகள்தாமா என்று விசாரிக்கப்பட்டார்கள். அல்லர் என்று தீர்ப்பானவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. முகாமில் எஞ்சியிருந்தவர்கள் 1996இல் வியட்நாமுக்கே அனுப்பப்பட்டார்கள். வாக்குக் கொடுத்தவர் கையை எடுத்தவுடன், கதவைத் திறந்தவரும் கையை எடுத்துக்கொள்வார் என்பதற்கு அது சான்று.

அடுத்த நிகழ்ச்சி தமிழர்களைப் பற்றியது. நமக்கு மிக அருகில் நடந்தது. விடுமுறைக்கு நாம் படகேறிச் செல்லும் பிந்தான் தீவில்தான்.

இலங்கையில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்ற படகு ஒன்று இந்தோனேசியாவின் மீட்புக் கடற்பகுதியில் தத்தளித்தது. 'ஓஷியானிக் வைகிங்' என்ற ஆஸ்திரேலியச் சுங்கத்துறைக் கப்பல் அதிலிருந்த 78 இலங்கைத் தமிழர்களை மீட்டுப் பிந்தானுக்குக் கொண்டுசென்றது. மீட்டது ஆஸ்திரேலியா, கடல் இந்தோனேசியாவினுடையது, ஆட்கள் இலங்கையர்கள். யாருடைய பொறுப்பு? உள்ளூர் ஆளுநர் கரையிறக்க மனம் ஒப்பவில்லை. கப்பலில் இருந்தவர்களும் இறங்க மறுத்தார்கள். இந்தோனேசியாவில் இறங்கினால் எத்தனை ஆண்டுகள் தடுப்பு முகாமில் கிடக்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் ஏற்கெனவே அப்படிக் காத்திருந்தவர்களே.

நான்கு வாரங்களுக்கு மேல் இழுபறி. முடிவில் ஆஸ்திரேலியா ஓர் எழுத்து உறுதி கொடுத்தது. ஐநா ஏற்கெனவே அகதியாக அறிந்தவர்கள் இறங்கியபின் 4 முதல் 6 வாரங்களுக்குள்ளும், மற்றவர்கள் அகதிகள் எனத் தெரிந்தால் 12 வாரங்களுக்குள்ளும் மீள்குடியமர்த்தப்படுவார்கள். அந்தத் தாள் வந்ததும் நவம்பர் 18க்குள் அனைவரும் இறங்கிவிட்டார்கள். பின்னர் பல நாடுகள் அவர்களைப் பகிர்ந்து ஏற்றன. சிலர் மட்டும் பாதுகாப்புச் சோதனையின் பேரில் ஆஸ்திரேலியத் தடுப்பில் பல ஆண்டுகள் வாட நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதே அக்டோபரில் இன்னொரு படகு. சுமார் 250 இலங்கைத் தமிழர்களை ஏற்றிய அதனை, ஆஸ்திரேலியாவின் வேண்டுகோளின்பேரில் இந்தோனேசியக் கடற்படை மறித்து, ஜாவாவின் மெராக் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது. அவர்களும் இறங்க மறுத்தார்கள். ஆனால் அவர்களுக்கு யாரும் நாள் குறித்த வாக்குக் கொடுக்கவில்லை. ஆறு மாதங்கள் படகிலேயே கிடந்தார்கள். ஒருவர் நோயுற்று இறந்தார். 2010 ஏப்ரலில் படகை விட்டு இறங்கியவர்கள் தடுப்பு முகாமுக்குச் சென்றார்கள்.

ஒரே மாதம், ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே நோக்கம், ஒரே நாட்டின் கடல். ஒரு கப்பலில் இருந்தவர்களின் கையில் நாள் குறித்த தாள் இருந்தது. மற்றப் படகில் இருந்தவர்களின் கையில் இல்லை. வாக்குறுதி என்பதற்கும் அனுதாபம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழகத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்களைத் தமிழ்நாடு திருப்பி அனுப்பாமல் ஏற்றது. மாநில அரசு 2021இல் சட்டமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அந்த ஆண்டில் 108 முகாம்களில் 58,822 பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றமும் வந்தது. அவர்களுக்கான செலவை மத்திய அரசும் ஏற்றுவந்தது. பணம் பகிரப்பட்டது, ஆனால் முடிவு எப்போது என்ற கேள்வியை யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. முகாமில் பிறந்து, முகாமில் படித்து, முகாமில் திருமணம் செய்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. இடம் கொடுத்த தமிழகத்தை நான் போற்றுகிறேன். ஆனால் முடிவில்லாத விருந்தோம்பல் விருந்தினருக்கு ஒரு சிறை ஆகிவிடக்கூடும் என்பதையும் அந்த 40 ஆண்டுகள் காட்டுகின்றன.

ஆசியானும் இந்தச் சோதனையை மறுபடி சந்தித்தது. 2015 மே மாதம் ரோஹிங்கியாக்களும் வங்காளதேசத்தவரும் அந்தமான் கடலில் படகுகளில் கைவிடப்பட்டுத் தவித்தார்கள். கடற்படைகள் தயங்கியபோது ஆச்சே மீனவர்கள் வலைகளை விட்டுவிட்டு ஆட்களைக் கரைசேர்த்தார்கள். மே 20 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும், உலக நாடுகள் ஓராண்டுக்குள் இவர்களை மீள்குடியமர்த்தவோ திருப்பியனுப்பவோ செய்தால், அதுவரை இடம் தருகிறோம் என்று அறிவித்தன. சிங்கப்பூர் 2 லட்சம் அமெரிக்க டாலர் உதவி அறிவித்தது. ஓராண்டு என்ற நாள் இருந்தது. ஆனால் அந்த நாளுக்குள் இத்தனை பேரை நாங்கள் ஏற்கிறோம் என்று முன்வந்து கூறும் நாடுகள் போதவில்லை. இன்றும் மலேசியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் முறையான உரிமைகள் இன்றி வாழ்கிறார்கள். கடற்பாலத்துக்கு அப்பால் ஜோகூரில் நாம் சாப்பிடச் செல்லும் கடைத்தெருக்களிலும் அவர்கள் வேலை பார்க்கக்கூடும். நமக்குத் தெரியாது, நாம் கேட்பதுமில்லை.

இன்னொன்று. 2022 நவம்பரில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி, கனடாவை எண்ணிப் புறப்பட்ட 303 பேரின் படகு, வியட்நாமுக்கும் பிலிப்பீன்சுக்கும் இடைப்பட்ட கடலில் மூழ்கத் தொடங்கியது. கொழும்பிலிருந்து உதவி கோரப்பட்ட இடங்களுள் சிங்கப்பூரின் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையமும் ஒன்று. அவ்வழியே சென்ற ஜப்பானியக் கப்பல் 'ஹீலியஸ் லீடர்' அனைவரையும் காப்பாற்றி வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. ஒரு காலத்தில் எந்தக் கரையிலிருந்து மக்கள் படகேறி ஓடினார்களோ, அதே கரை இப்போது நம்மவர்க்கு ஒதுங்கும் இடமாயிற்று. சில வாரங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இலங்கை திரும்பினார்கள். மற்றவர்கள் திரும்ப மறுத்து, யாராவது ஏற்பார்களா என்று காத்திருந்தார்கள். கப்பலின் கொடியைப் பார்த்துப் பொறுப்பு ஏற்ற காலத்து ஏற்பாடு எதுவும் அவர்களுக்கு இல்லை. அது 1989க்குப் பின் கைவிடப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நம் பிள்ளைகள் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் சிறிய நாடு. இடப்பற்றாக்குறை உள்ள நாடு. ஆகவே அகதிகளை ஏற்கும் நிலையில் இல்லை என்பதே நம் அரசாங்கத்தின் நெடுங்கால நிலைப்பாடு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் இந்தியாவும்கூட இட்டதில்லை. 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நிலத்தில் 60 லட்சம் பேர் வாழ்கிறோம். இடமில்லை என்பது சாக்கு அன்று, உண்மை. நிரந்தரக் குடியேற்றத்தை நம்மிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏற்பது, மறுப்பது என்ற இரண்டே வழிகள் இருப்பதாகப் பிள்ளைகள் எண்ணுகிறார்களே, அதைத்தான் திருத்த வேண்டும். ஹாக்கின்ஸ் சாலை மூன்றாவது வழி. ஒரு சிறிய நாடு, 90 நாட்களுக்கு ஆயிரம் பேருக்கு மேற்கூரை தந்து, உலகத்தின் வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, 32 ஆயிரம் பேரைக் கரைசேர்த்தது. அன்று இருந்த சிங்கப்பூர் இன்றைய சிங்கப்பூரைவிட ஏழை. இன்று உலகின் கப்பல்களில் பெரும்பங்கு நம் நீரிணை வழியே போகிறது. நம் நாட்டுக் கொடி தாங்கிய கப்பல்களும் ஆயிரக்கணக்கில் கடலில் ஓடுகின்றன. கொடிக்குப் பொறுப்பு உண்டு என்ற விதியை ஒரு காலத்தில் மற்ற நாடுகளிடம் வற்புறுத்தியவர்கள் நாம். அதே விதியை மீண்டும் உயிர்ப்பிக்க ஆசியானுக்குள் நாம் முன்மொழிவதற்கு இடப்பற்றாக்குறை தடையாகாது. அது நிலம் கேட்கவில்லை, முன்முயற்சியையே கேட்கிறது.

உதவிக்கு வழி திறந்தால் கூட்டம் பெருகும் என்று சில பெற்றோர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் முற்றிலும் தவறன்று. 1979க்குப் பின்னும் படகுகள் வந்தன; 1980களின் இறுதியில் மீண்டும் பெருகின; அதனால்தான் விசாரணை முறை வந்தது. ஆனால் வழி மூடியிருந்தால் கூட்டம் நின்றுவிடும் என்பதும் பொய். மெராக் துறைமுகத்தில் கிடந்தவர்கள் திறந்த கதவைப் பார்த்து வந்தவர்களல்லர். பின்னால் எரிந்த வீட்டைப் பார்த்து வந்தவர்கள். முறையான வழி இருந்தால் விசாரிக்கலாம், எண்ணலாம், தகுதியில்லாதவரைத் திருப்பி அனுப்பலாம். வழியே இல்லாதபோது படகுத் தரகர் மட்டுமே எண்ணிக்கை வைத்துக்கொள்கிறார்.

நம்மில் ஒரு வழக்கம் உண்டு. கனடா எத்தனை தமிழர்களை ஏற்றது, ஆஸ்திரேலியா எத்தனை பேரைத் திருப்பியது என்று கணக்குப் பார்க்கிறோம். ஐரோப்பியர் கதவைச் சாத்தினால் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் படகில் இருப்பவர் வேறு மொழி பேசினால், வேறு கடவுளை வணங்கினால், நாமும் இடமில்லை என்கிறோம். ஒரே அளவுகோலை இருவருக்கும் வைக்கும்படி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால், பாடப்புத்தகத்தில் விருந்தோம்பலைப் பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும் அது தேர்வுக்கான விடையாகவே நின்றுவிடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. அகதி என்ற சொல்லைச் சொல்லித் தரும்போது ஹாக்கின்ஸ் சாலையையும் சொல்லுங்கள். முகாம் இன்று இல்லை; ஆனால் வரைபடத்தில் செம்பவாங்கைக் காட்டலாம், அங்கிருந்து தெற்கே கலாங் தீவையும், தென்கிழக்கே பிந்தானையும் காட்டலாம். மார்சிலிங் என்ற நம் வட்டாரத்தின் பெயரே, தொழிலதிபர் லிம் நீ சூனின் பூர்வீகச் சீனச் சிற்றூரின் பெயர் என்று ஊர்ப்பெயர் வரலாறு கூறுகிறது. கடல் கடந்து வந்தவர்கள் வைத்த பெயர்களால் ஆன நகரத்தில் நின்றுகொண்டுதான் நாம் இதைப் பேசுகிறோம் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை தொலைக்காட்சியில் ஏதோ ஒரு கடலில் ஏதோ ஒரு படகைக் காட்டும்போது, ஐயோ பாவம் என்பதோடு நிறுத்திவிடாமல், பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். யார் ஏற்பதாகச் சொல்கிறார்கள்? எத்தனை பேரை? எந்த நாளுக்குள்? தலைவர்களின் பேச்சைக் கேட்டு அவற்றை நிரப்பட்டும். மூன்றில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், அது இன்னும் வாக்குறுதி ஆகவில்லை என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.